ஆசிட் தின்னாத இடம்

அன்புள்ள அம்மா,

கல்லூரியில் ஆங்கிலக் கவிஞர் வில்லியம் பிளேக்கின் 'புலி' கவிதை எனக்குப் பாடமாக இருந்தது. பல வருடம் கழித்து இப்போது அவரை முழுதாகப் படிக்கலாம் என்று உட்கார்ந்தேன். சின்னக் கவிதைகள் வரை சரி. நீண்ட கவிதைகளுக்குள் போனால் யூரிசன், லாஸ், ஆர்க், எனிதார்மன், ஆல்பியன் என்று யார் யாரோ வருகிறார்கள். யூரிசன் என்றால் பகுத்தறிவு, லாஸ் என்றால் கற்பனை, ஆர்க் என்றால் புரட்சி என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். இதே போல எல்லாக் குறியீடுகளுக்கும் நீங்கள் ஒரு பட்டியல் தந்தால் என்னைப் போன்றவர்களுக்கு உதவியாக இருக்கும். இன்னொன்று. மரத்தில் தேவதூதர்களைப் பார்த்தேன், இறந்துபோன தம்பி வந்து தொழில் சொல்லிக்கொடுத்தான் என்றெல்லாம் சொன்னவரை எப்படி எடுத்துக்கொள்வது? மனநோயாளி என்கிறார்கள் சிலர். நம் சித்தர்கள் மாதிரி என்கிறார் என் நண்பர்.

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் வந்த வாரம் அப்பாவின் அச்சகத்திலிருந்து மிஞ்சிய ஒரு தகரப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே பழைய செய்தித்தாளில் சுற்றிய பிள்ளையார் பிளாக் ஒன்று இருந்தது. கல்யாணப் பத்திரிகையின் தலைப்பில் வருமே, அந்தப் பிள்ளையார். துத்தநாகத் தகடு, அடியில் மரக்கட்டை. அதை விரலால் தடவிக்கொண்டே பிளேக்கைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் வேறு பல கடிதங்கள் காத்திருக்க, உங்களுக்கு முதலில் எழுதுகிறேன்.

சித்தர் ஒப்பீட்டை முதலில் தள்ளிவைக்கிறேன். உங்கள் நண்பர் சித்தர் பாடல்களைச் சித்தர்களுக்காகவே படிக்கட்டும், பிளேக்கை பிளேக்குக்காகப் படிக்கட்டும். ஒன்றைத் தெரிந்துகொள்ள இன்னொன்றைப் பக்கத்தில் நிறுத்திவைத்தால் இரண்டும் சரியாகத் தெரியாது. பிளேக்கின் 'ஜெரூசலேம்' நூலில் லாஸ் சொல்வான்: தர்க்கமும் ஒப்பீடும் என் வேலை இல்லை, படைப்பதுதான் என் வேலை என்று. இந்தியாவோடு பிளேக்குக்கு இருந்த நிஜமான தொடர்பு ஒன்று வேண்டுமானால் சொல்கிறேன். சார்லஸ் வில்கின்ஸ் 1785ல் பகவத் கீதையை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். வில்கின்ஸ் பிராமணர்களோடு உட்கார்ந்து மொழிபெயர்ப்பதை பிளேக் ஒரு படமாக வரைந்து 1809ல் தன் கண்காட்சியில் வைத்தார். அந்தப் படம் தொலைந்துவிட்டது. கண்காட்சிக் கையேட்டில் அவர் எழுதிய குறிப்பு மட்டும் மிச்சம்.

மனநோய் விஷயம். அதே 1809 கண்காட்சியைப் பார்த்துவிட்டு ஒரு பத்திரிகை விமர்சகர் அவரை 'பாவப்பட்ட பைத்தியம்' என்ற பொருளில் எழுதினார். இருநூறு வருடம் கழித்தும் நாம் அந்த விமர்சகரின் கேள்வியையே கேட்டுக்கொண்டிருக்கிறோம். எனக்கு அதில் ஆர்வம் இல்லை. பெக்கம் ரை என்ற இடத்தில் ஒரு மரம் முழுக்கத் தேவதூதர்களைப் பார்த்ததாகச் சிறுவன் வில்லியம் வீட்டில் வந்து சொன்னபோது, பொய் சொல்கிறான் என்று அப்பா அடிக்கப் போனாராம். அம்மா குறுக்கே வந்து தடுத்தாராம். அந்த அம்மாவின் பக்கம் நிற்கிறேன். அவ்வளவுதான்.

ஆனால் ஒன்றை மறந்துவிடாதீர்கள். இந்த மனிதர் பதினான்கு வயதில், 1772ல், ஜேம்ஸ் பசையர் என்ற எங்ரேவரிடம், அதாவது செம்புத் தகட்டில் படம் செதுக்குகிறவரிடம், ஏழு வருடத் தொழிற்பயிற்சிக்குச் சேர்ந்தவர். சாகும்வரை கைத்தொழிலாளி. வெட்ஜ்வுட் கம்பெனிக்காரர்கள் தங்கள் பீங்கான் கிண்ணங்களையும் தட்டுகளையும் விளம்பரப் புத்தகத்துக்காகச் செதுக்கிக் கொடுக்கச் சொன்னபோது, ஐம்பத்தெட்டு வயதில் உட்கார்ந்து அதையும் செய்தார். கிண்ணத்தின் வளைவைப் பிசகாமல் செம்பில் இறக்கத் தெரிந்த கைதான் தேவதூதர்களையும் இறக்கியது.

சரி, உங்கள் பட்டியலுக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் கோபமாகவே எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என்னிடம் பட்டியல் கிடையாது. இருந்தாலும் தர மாட்டேன். யூரிசன் என்றால் பகுத்தறிவு என்று எழுதிவைத்துக்கொண்டால் அதற்குப்பிறகு யூரிசனை நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள். அந்த இடத்தில் பகுத்தறிவு என்ற வார்த்தைதான் நிற்கும். தேர்வுக்கு அது போதும். நீங்கள் தேர்வு எழுதி எத்தனையோ வருடம் ஆகிவிட்டதே, இன்னும் ஏன் இந்தப் பழக்கம்?

இதைவிடப் பெரிய வருத்தம் ஒன்று எனக்கு இருக்கிறது. நீங்கள் பிளேக்கைப் படித்ததாகச் சொல்கிறீர்கள். எதில் படித்தீர்கள்? பாடப்புத்தகத்தில், வெள்ளைத் தாளில், கறுப்பு எழுத்தில். பிளேக் அப்படி ஒரு 'புலி'யை உலகத்துக்குக் கொடுக்கவே இல்லை. அவர் கொடுத்தது உள்ளங்கை அகலத்துக்கு ஒரு செம்புத் தகட்டிலிருந்து எடுத்த, கையால் வண்ணம் தீட்டிய ஒரு பக்கம். வலது ஓரத்தில் ஒரு மொட்டை மரம். அதன் கிளைகள் கவிதையின் பத்திகளுக்கு நடுவே நீண்டு வருகின்றன. அடியில் ஒரு புலி நிற்கிறது. எழுத்தும் மரமும் புலியும் ஒரே கையால், ஒரே நேரத்தில், ஒரே தகட்டில் வந்தவை.

அந்தக் காலத்துப் புத்தகம் எப்படி உருவானது என்பதை நினைத்துப் பாருங்கள். எழுதுகிறவர் ஒருவர். அச்சுக் கோர்க்கிறவர் இன்னொருவர். படம் வரைகிறவர் ஒருவர், அதைச் செம்பில் செதுக்குகிறவர் வேறொருவர். எழுத்து மேடாக இருக்கும், மேட்டின் தலையில் மை ஒட்டும். செதுக்கிய படம் பள்ளமாக இருக்கும், பள்ளத்துக்குள் மையைத் திணித்து, மேலே துடைத்துவிட்டு, பலமாக அழுத்தி எடுக்க வேண்டும். இரண்டுக்கும் அச்சு இயந்திரமே வேறு. ஆக வார்த்தை ஒரு வீட்டில், படம் ஒரு வீட்டில். அடுத்தவர் வரைந்ததைச் செதுக்கிக் கொடுத்தே கை தேய்ந்த பிளேக்குக்கு இந்தப் பிரிவினையின் வலி நன்றாகத் தெரியும்.

அவர் என்ன செய்தார்? செம்புத் தகட்டில் ஆசிட் தின்னாத ஒரு வார்னிஷைத் தொட்டு, தூரிகையாலும் இறகாலும் நேரடியாக எழுதினார். வரைந்தார். எழுத்து எல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறி. அப்புறம் தகட்டை ஆசிட்டில் விட்டார். வார்னிஷ் படாத செம்பை ஆசிட் தின்றது. எழுத்தும் படமும் ஒன்றாக மேலே நின்றன. அந்த மேடு உயரமே இல்லை, தடவினால் தெரியும், அவ்வளவுதான். அதில் பதமாக மை ஒற்றி, மெல்ல அழுத்தி எடுக்க வேண்டும். 'வெகுளிப் பாடல்கள்' 1789ல் இப்படித்தான் வந்தது. 'அனுபவப் பாடல்க'ளைச் சேர்த்து ஒரே தொகுதியாக 1794ல் வந்தது. புலி அந்த இரண்டாம் பகுதியில் இருக்கிறது.

எனக்கு இதைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. பன்னிரண்டு வயதில் பார்த்திருக்கிறேன். அப்பாவிடம் இருந்தது ஒரே ஒரு டிரெடில், காலால் மிதித்து ஓட்டும் அச்சு இயந்திரம். படம் வேண்டுமென்றால் பக்கத்து ஊரில் பிளாக் போடுகிறவரிடம் போக வேண்டும். ஒரு விடுமுறையில் என்னையும் அழைத்துப் போனார். தட்டில் ஆசிட், அதற்குள் தகடு. அந்த மனிதர் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, குழந்தையைத் தூளியில் ஆட்டுவதுபோலத் தட்டை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தார். பழுப்பாகப் புகை எழும்பியது. கிட்டே போன என்னை அதட்டித் தள்ளி நிறுத்தினார். படம் எங்கே மாமா என்று கேட்டேன். "ஆசிட் தின்னது போக மிஞ்சுறதுதான் பாப்பா படம்" என்றார்.

அதுவரை படம் என்பது வெறும் தாளில் நாம் கொண்டுபோய் வைப்பது என்றே நினைத்திருந்தேன். தகடு முழுக்கப் படம் ஏற்கெனவே இருக்கிறது, வேண்டாததை ஆசிட் எடுத்துவிடுகிறது என்று அன்றைக்குத் தோன்றிய எண்ணம் இன்றுவரை என்னை விடவில்லை.

இப்போது நான் எத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கும் ஒரு விஷயம். புலன்களின் கதவுகள் துலக்கப்பட்டால் எல்லாம் உள்ளபடியே, முடிவற்றதாகத் தெரியும் என்ற பிளேக்கின் வரியை நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள். சட்டையில்கூட அச்சடித்து விற்கிறார்கள். 'சொர்க்கமும் நரகமும் கொண்ட மணம்' நூலின் பதினான்காம் தகட்டில் வரும் வரி. அதற்கு முந்தைய வாக்கியத்தை யாரும் சொல்வதில்லை. அதில் பிளேக் சொல்கிறார்: உடல் வேறு, ஆன்மா வேறு என்ற எண்ணத்தை முதலில் அழித்தாக வேண்டும். அதை நான் நரகத்து முறையில் அச்சடித்துச் செய்வேன், அரித்துத் தின்னும் பொருள்களால். நரகத்தில் அவை மருந்தாகும். வெளித்தோற்றமான மேல்பரப்பை அவை உருக்கி அகற்றி, மறைந்திருந்த முடிவற்றதைக் காட்டும்.

ஆசிட்டைப் பற்றிப் பேசுகிறார் எஸ். தன் வீட்டுத் தட்டில் இருந்த ஆசிட். கதவைத் துலக்குவது என்பதை எல்லோரும் தியானம் என்கிறார்கள், போதைப்பொருள் என்கிறார்கள், மனவிரிவு என்கிறார்கள். அவர் சொன்னது தொழிலை. அன்று காலையில் செய்த வேலையை. வார்த்தையையும் படத்தையும் ஒரே தகட்டில் பிரிக்க முடியாமல் நிற்கவைப்பதும், உடலையும் ஆன்மாவையும் பிரிக்காமல் பார்ப்பதும் அவருக்கு ஒரே காரியம். நம்பிக்கை ஒரு பக்கம், அதைச் சொல்லக் குறியீடு ஒரு பக்கம், அலங்காரமாகப் படம் ஒரு பக்கம் என்று நீங்கள் மூன்றாகப் பிரித்துவைத்துக்கொண்டு கேள்வி கேட்கிறீர்கள். அந்த மூன்றும் பிரியாமல் இருக்கத்தானே அவர் புகையைச் சுவாசித்தார்?

அந்த முறையைச் சொல்லிக்கொடுத்தது இறந்துபோன தம்பி ராபர்ட் என்று அவர் சொன்னார். 1787ல் காசநோயில் போனவன். கடைசி நாட்களில் அண்ணன் தூங்காமல் பக்கத்திலேயே இருந்தார். உயிர் பிரியும்போது அது சந்தோஷத்தில் கைதட்டிக்கொண்டே கூரை வழியாகப் போனதைப் பார்த்ததாகச் சொன்னார். அப்புறம் ஒரு நாள் ராபர்ட் வந்து இன்ன மாதிரி செய் என்றானாம். பிளேக்கின் வரலாற்றை 1863ல் வெளியிட்ட கில்கிறிஸ்ட் அடுத்த காட்சியைச் சொல்கிறார். மறுநாள் காலை வீட்டில் இருந்த மொத்தப் பணம் அரை கிரவுன், அதாவது இரண்டரை ஷில்லிங். மனைவி கேதரின் அதை எடுத்துக்கொண்டு போய், ஒரு ஷில்லிங் பத்துப் பென்சுக்கு வேண்டிய சாமான்களை வாங்கி வந்தார். காட்சி கண்டவர் பிளேக். கையில் இருந்த கடைசிக் காசைக் கொண்டு கடைக்குப் போனவர் கேதரின். இருவரில் யாருடைய நம்பிக்கை பெரியது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

1782ல் பாட்டர்சீ தேவாலயத்தில் கல்யாணப் பதிவேட்டில் கேதரின் கையெழுத்துக்குப் பதிலாக ஒரு பெருக்கல் குறி போட்டார். எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தது கணவர்தான். பிறகு அச்சு எடுத்தது, வண்ணம் தீட்டியது, தாள்களைச் சேர்த்து அட்டை கட்டியது எல்லாவற்றிலும் கேதரினின் கை இருக்கிறது. தாளைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அந்த வீட்டிலேயே செய்தார்கள். வண்ணத்தைக் கரைத்துக்கொண்டது தச்சர்கள் பயன்படுத்தும் கோந்தில். அந்த ரகசியத்தைச் சொன்னது தச்சரான புனித யோசேப்பு என்றார் பிளேக்.

எங்கள் அச்சகத்தில் மடிப்பு வேலையும் பைண்டிங்கும் அம்மா. இரவில் மைதாப் பசை காய்ச்சுவார். பூச்சி அரிக்காமல் இருக்க அதில் மயில்துத்தம் போடுவார். நீலமாகக் கரையும். விஷம், கையை வாயில் வைக்காதே என்பார். அதே மயில்துத்தம்தான் நோட்டுப் புத்தகங்களைக் காப்பாற்றியது. அரிக்கும் பொருள் மருந்தாகும் என்று பிளேக் எழுதியதை முதன்முதலில் படித்தபோது எனக்கு அம்மாவின் பசைச் சட்டிதான் கண்ணில் வந்தது. அச்சகத்தின் பெயரில் அப்பா இருந்தார், ரசீதுப் புத்தகத்தில் அப்பா இருந்தார். அம்மாவின் பெயர் எங்குமே அச்சாகவில்லை. கேதரினைப் பற்றி நான் கொஞ்சம் அதிகமாகப் பேசினால் அதற்குக் காரணம் இதுதான்.

யூரிசனை விட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். 1794ல் வந்த 'யூரிசனின் நூல்' முகப்புப் பக்கத்தைத் தேடிப் பாருங்கள். நீண்ட வெள்ளைத் தாடியோடு ஒரு கிழவர் குந்தி உட்கார்ந்திருக்கிறார். கண் மூடியிருக்கிறது. இரண்டு கைகளாலும் எழுதுகிறார். பின்னால் சட்டப் பலகைகள் கல்லறைக் கற்களைப் போல நிற்கின்றன. கவிதையில் அவர் தான் தனிமையில் எழுதிய பித்தளைப் புத்தகத்தைத் திறந்து காட்டுகிறார். ஒரே கட்டளை, ஒரே மகிழ்ச்சி, ஒரே ஆசை, ஒரே அரசன், ஒரே கடவுள், ஒரே சட்டம் என்கிறார்.

பித்தளையில் எழுதுகிற கிழவர் அவர். அந்தக் கிழவரைச் செம்பில் எழுதுகிறவர் பிளேக். இரண்டு பேர் செய்வதும் ஏறக்குறைய ஒரே வேலை! பிளேக்குக்கு அது தெரியாமலா இருக்கும்? வித்தியாசம் எங்கே என்று பாருங்கள். இன்று எஞ்சியிருக்கும் 'யூரிசனின் நூல்' பிரதிகளில் எந்த இரண்டிலும் பக்க வரிசை ஒன்றாக இல்லை. சில பிரதிகளில் சில தகடுகளே இல்லை. வண்ணம் ஒவ்வொன்றிலும் வேறு. ஒரே சட்டம் வேண்டும் என்கிறவரின் கதையை, ஒரு பிரதியைப் போல இன்னொரு பிரதி இல்லாத புத்தகமாக அச்சடித்துவைத்தார். இது வரிகளில் எங்கும் சொல்லப்படவில்லை. அச்சுப்புத்தகத்தில் மட்டும் படிக்கிறவருக்கு இது தெரியவே தெரியாது.

நீங்கள் என்னிடம் கேட்ட பட்டியல், ஒரு பெயருக்கு ஒரே அர்த்தம் என்று எழுதிய பட்டியல், அது யூரிசனின் பித்தளைப் புத்தகம். கண்ணை மூடிக்கொண்டு எழுத வேண்டியது.

லாஸைப் பற்றி ஒன்றே ஒன்று. அவன் ஒரு கொல்லன். உலையும் சுத்தியலும் சங்கிலியும் அவனுடைய சாமான்கள். கற்பனை என்ற சொல் இங்கே எவ்வளவு சோகையாக இருக்கிறது பாருங்கள். இனி 'புலி'யைத் திரும்பப் படியுங்கள். எந்தச் சுத்தியல், எந்தச் சங்கிலி, எந்த உலையில் உன் மூளை இருந்தது, எந்தப் பட்டடை என்று கேட்கிறது. காட்டுக் கவிதை என்று நினைத்திருந்தீர்கள் இல்லையா? முழுக்கப் பட்டறை. இருபத்து நான்கு வரியும் கேள்வி, ஒரு பதில்கூடக் கிடையாது. முதல் பத்தியே கடைசியில் திரும்ப வருகிறது, ஒரு சொல் மட்டும் மாறி. உன் பயங்கரமான அழகை வடிக்க எந்தக் கையால் முடியும் என்று தொடங்கி, எந்தக் கை துணியும் என்று முடிகிறது. முடிவதிலிருந்து துணிவதற்கு வர உலை வழியாகப் போக வேண்டியிருந்திருக்கிறது.

இவ்வளவு கேட்டுவிட்டு அடியில் இருக்கும் புலியைப் பார்த்தால் உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். சில பிரதிகளில் அது சாதுவாக, துணிப்பொம்மை மாதிரி நிற்கிறது. பிளேக்குக்குப் புலி வரையத் தெரியவில்லை என்று சொன்னவர்கள் உண்டு. வெட்ஜ்வுட் கிண்ணத்தைப் பிசகாமல் வரைந்த கைக்கு! எழுத்தில் எரிகிற புலியும் அடியில் நிற்கிற புலியும் ஒரே தகட்டில் இருக்கின்றன. அந்தப் புலியின் முகத்தைப் பார்த்தபடி ஆட்டைப் படைத்தவனா உன்னைப் படைத்தான் என்ற வரியைப் படித்துப் பாருங்கள். அது எனக்கு ஒவ்வொரு முறையும் வேறு கேள்வியாகக் கேட்கிறது.

இணையத்தில் வில்லியம் பிளேக் ஆவணக் காப்பகம் என்று ஒன்று இருக்கிறது, இலவசம். ஒரே தகட்டின் வெவ்வேறு பிரதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். புலியை மட்டும் நாலைந்து பிரதிகளில் பாருங்கள். காணொளியை மறந்துவிடுங்கள். அவசரப்பட்டு 'ஜெரூசலே'முக்குப் போகாதீர்கள், நூறு தகடு அது. அவர் முழுதாக வண்ணம் தீட்டி முடித்த பிரதி ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அவர் அச்சடித்த செம்புத் தகடுகள் என்று பார்த்தால், அந்த வண்ண நூல்களில் 'அமெரிக்கா' என்ற நூலுக்காகச் செய்து ஒதுக்கிய ஒரு தகட்டின் துண்டு தவிர எதுவும் மிஞ்சவில்லை.

பிள்ளையார் பிளாக்கைப் பற்றிச் சொல்லத் தொடங்கி நடுவில் விட்டுவிட்டேன். பிளாக்கில் எல்லாம் இடவலம் மாறித்தான் இருக்கும், தெரியும்தானே. ஒரு முறை பிளாக் போட்டவர் நெகடிவைத் திருப்பி வைத்துவிட, பத்திரிகையில் தும்பிக்கை வலப்பக்கம் வளைந்து விழுந்தது. வலம்புரிப் பிள்ளையார் எங்கள் வீட்டு வழக்கம் இல்லை என்று பெண் வீட்டார் அத்தனை பத்திரிகையையும் திருப்பித் தந்துவிட்டார்கள். அப்பா அன்றைக்கு யாரையும் திட்டவில்லை, சாப்பிடவும் இல்லை. அந்த பிளாக்கைத் தூக்கிப் போடாமல் சுற்றி எடுத்துவைத்தது அம்மா. அதுதான் இந்தப் பெட்டியில் இருந்தது.

துத்தநாகத்தில் அங்கங்கே வெள்ளை பூத்திருக்கிறது. நேற்று அதில் கொஞ்சம் மை தடவி, ஒரு தாளை வைத்துக் கரண்டியின் முதுகால் தேய்த்து எடுத்தேன். காது ஓரத்தில் இரண்டு இடத்தில் மை ஏறவில்லை, மற்றபடி நன்றாக வந்திருக்கிறது. இன்னொன்று எடுத்து உங்களுக்கு அனுப்புகிறேன். முகவரி எழுதுங்கள்.